இதழுக்குப் பின்னால் ஊதா

ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பெருமை இருந்தது. ஓடாத லிஃப்டை ஓடும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. கட்டட மேனேஜர்கள் கெஞ்சுவார்கள். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக்கறோம் சார், மேல முக்கியமான ஆளுங்க வராங்க" என்பார்கள். அவர் கதவில் 'பழுது' பலகையை மாட்டிவிட்டு, ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். கிரீஸ் படிந்த கியரைப் பார்த்தவுடனே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். கம்பெனியில் அவருக்குப் பின்னால் 'அரிச்சந்திரன்' என்று கூப்பிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார், உள்ளுக்குள் இனிக்கும்.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. உலகத்தில் எல்லாமே ஒருவகை மெஷின்தான் என்பது அவர் எண்ணம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், சோஃபா கால் ஆடினாலும், பக்கத்து வீட்டுக்காரருக்கு மனைவியோடு சண்டை என்றாலும், அவரிடம் ஒரு வழி தயாராக இருக்கும். "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்று அவர் மனைவி சிரிப்பாள். அவர் உண்மையாகவே யோசித்துப் பார்ப்பார். ஒன்றும் அகப்படாது.

அவருடைய மனைவியின் அக்காவைக் கட்டியவர் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில், எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்கும் பழக்கம். மெக்கானிக்கை விட ஒன்பது வயது மூத்தவர். மெக்கானிக் அவரை "அண்ணே" என்றும் அவர் மனைவியை "அண்ணி" என்றும் கூப்பிடுவார், அவர் இவரை "சகலை" என்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு குடும்பமும் மாஸ்டர் வீட்டில் கூடும். அக்காவும் தங்கையும் சமையலறையில் உட்கார்ந்து ஊர்வம்பைப் பிரித்து மேய்வார்கள். ஆண்கள் இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்காது. அதனால் பின்புறம் போய் டேலியாப் பூச்செடிகளைப் பார்ப்பார்கள்.

வீட்டுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அதில் மாஸ்டர் கோடையில் பூக்கும் டேலியாவை வரிசையாக வைத்திருந்தார். முதலில் மெக்கானிக்குக்கு இது ஒரு பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. குளிர் விட்டதும் கிழங்கை நட வேண்டும். நடுவதற்கு முன்பே குச்சியை ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். நத்தை வராமல் விடிகாலையில் எழுந்து பார்க்க வேண்டும். இலையெல்லாம் குளிரில் கருகியதும் தோண்டி எடுத்து, கழுவி, தலைகீழாகக் காயவைத்து, அடுத்த வருஷம் வரை பத்திரப்படுத்த வேண்டும். "ஒரு கிழங்குக்கு இவ்வளவு கூத்தா?" என்று கேட்டார் மெக்கானிக். "லிஃப்டுக்கு மட்டும் என்னவாம்?" என்றார் மாஸ்டர். அதற்கப்புறம் மெக்கானிக்குக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஞாயிறு ஞாயிறு அவரும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். கட்டுவதற்குத் துருப்பிடிக்காத கம்பி கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு செடிக்கு மட்டும்தான் பெயர் இருந்தது. மற்றவையெல்லாம் கடையில் கிடைக்கும் ரகங்கள்; அவற்றுக்கு நம்பர்தான். பெயருள்ளதை மாஸ்டர் தானே விதையிலிருந்து உண்டாக்கியிருந்தார். டேலியா விதை போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது, என்ன வரும் என்று பிரம்மாவுக்கே தெரியாது. கிழங்கு மட்டும்தான் தாயை அச்சு அசலாகத் திருப்பிக் கொடுக்கும். ஆறு வருஷம் விதை போட்டு, வந்ததையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்து, ஏழாவது வருஷம் ஒன்று கிடைத்தது. முன்னால் பார்த்தால் செம்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். இதழை விரலால் திருப்பினால் அடியில் லேசான ஊதா ஓடும். பூவைக் காற்று அசைக்கும்போது அந்த ஊதா வந்து வந்து போகும். அதற்கு 'சாயங்காலம்' என்று பெயர் வைத்தார். நாலைந்து பேருக்குக் கிழங்கு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் ஒரு வருஷம் நத்தை புகுந்து பாதியை அழித்ததில், உலகத்திலேயே அந்த ரகம் மொத்தமும் ஐந்து கிழங்காகக் குறைந்திருந்தது.

அந்த வருஷம் குளிர் தொடங்கும் நேரத்தில் மாஸ்டருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. மகள் வேறு ஊரில் ஏழாவது மாடியில் இருந்தாள். அங்கே போய் ஒரு கண், ஆறிய பிறகு இன்னொரு கண் என்று ஆபரேஷன் செய்துகொண்டு, குளிர் முடிந்து திரும்புவதாக ஏற்பாடு. பூட்டிக்கிடக்கும் வீட்டில் கூரை ஒழுகும், கிழங்கை வைக்க முடியாது. கடைரகங்களை மண்ணிலேயே விட்டு வைக்கோல் போர்த்திவிட்டார். சாயங்காலத்தை என்ன செய்வது?

"என்கிட்ட குடுங்கண்ணே" என்றார் மெக்கானிக். "எங்க கம்பெனி ஸ்டோர் ரூம் தரைக்குக் கீழ இருக்கு. ஈரம் கெடையாது, வெயில் கெடையாது. பேரிங் எல்லாம் அங்கதான் வெச்சிருக்கோம், பத்து வருஷமானாலும் ஒரு புள்ளி துரு புடிக்காது."

மாஸ்டர் ஐந்து கிழங்கிலும், அது நாற்றாக இருந்தபோது கொடுத்திருந்த '17' என்ற நம்பரை அழியாத பென்சிலால் எழுதி, மரத்தூள் நிரப்பிய அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். "சகலை, இது மூச்சு விடணும். இறுக்கி மூடிடாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவ தொறந்து தொட்டுப் பாருங்க. எதாவது கொழகொழன்னு இருந்தா அத வெட்டிப் போட்டுருங்க. ஒரே ஒரு முளைக்கண்ணு பொழச்சாலும் எனக்குப் போதும்."

"நீங்க உங்க கண்ணப் பாருங்கண்ணே. இந்தக் கண்ண நான் பாத்துக்கறேன்."

ஸ்டோர் ரூமுக்குப் போனதும் மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார். அட்டைப்பெட்டி. அங்கே எலி உண்டு. மரத்தூள் வேறு சிந்துகிறது. அவருக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பேரிங் எப்படி வருகிறது? எண்ணெய்த்தாள், அதன் மேல் பிளாஸ்டிக், அதன் மேல் டேப். காற்று போகாது, தண்ணீர் போகாது. அதே மாதிரி ஐந்தையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டேப் ஒட்டி, தகர டப்பாவுக்குள் அடுக்கி, மூடியைத் தட்டி மூடினார். மூச்சு விடணும் என்று மாஸ்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஓவியக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். இவ்வளவு பக்காவாக மூடியதை மாதாமாதம் எதற்குத் திறப்பது?

குளிர் முடியும் தறுவாயில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திறந்தார். மூடி கழன்றதுமே நாற்றம் முகத்தில் அடித்தது. முதல் பொட்டலத்தைப் பிரித்தார். உள்பக்கம் முழுக்க வியர்த்து, தண்ணீர் முத்து முத்தாக நின்றது. கிழங்கு கூழாகிக் கையில் வழிந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் அப்படியே. ஐந்தாவது மட்டும் தோல் கெட்டியாக இருந்தது. நம்பிக்கையோடு அமுக்கினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

அவர் ஒரு உதிரிபாகப் பெட்டி மேல் உட்கார்ந்தார். காது மடல் சுட்டது. ஸ்டோர் கீப்பர் எட்டிப் பார்த்து, "என்ன சார், எலி செத்துடுச்சா?" என்றார். "ஆமா" என்றார் மெக்கானிக். அன்றைக்கு அவர் சொன்ன முதல் பொய் அதுதான். இரண்டாவது, மாலை ஐந்து மணிக்கு.

மாஸ்டர் போன் செய்தார். குரலில் துள்ளல். "சகலை! ரெண்டாவது கண்ணுலயும் கட்டு பிரிச்சாச்சு. சுவரெல்லாம் வெள்ளையா இருக்குய்யா! இத்தனை வருஷமா டீத்தண்ணி வழியா உலகத்தப் பாத்திருக்கேன், நெனச்சுப் பாருங்க. சாயங்காலம் பூக்கட்டும், அத இந்தக் கண்ணால பாக்கணும். கிழங்கு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே" என்றார் மெக்கானிக்.

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்தபிறகு, மறுபடி கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எண்ணினார். கையில் போன் இருந்தது. கட்டு பிரித்த அன்றைக்கேவா சொல்வது, நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நாளைக்கு, அடுத்த வாரம் சொல்லலாம் என்று தோன்றியது. அடுத்த வாரம் அவர் பஸ் ஏறி ஊருக்கு வெளியே இருந்த ஒரு நர்சரிக்குப் போனார்.

மனைவியின் போனில் போன வருஷத்துப் படம் ஒன்று இருந்தது. அவள் பூவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு போய்க் காட்டினார். நர்சரிக்காரர் பெரிதாக்கிப் பார்த்து, "இதே மாதிரிதான், அண்ணன் தம்பி கணக்கா இருக்கும்" என்று ஒரு பையைக் கொடுத்தார். மெக்கானிக் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, ஐந்து கிழங்கிலும் அழியாத பென்சிலால் '17' என்று எழுதினார். மாஸ்டர் ஏழுக்கு நடுவில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போடுவார். அதையும் போட்டார். மரத்தூள் நிரப்பி, அட்டைப்பெட்டியில் வைத்து, சொன்னபடி மூடாமல் விட்டார். சொன்னபடி எல்லாவற்றையும் செய்தார், நாலு மாசம் தாமதமாக.

மாஸ்டர் கண்ணாடி இல்லாமல் வந்து இறங்கினார். பார்க்க ஐந்து வயது குறைந்த மாதிரி இருந்தார். பெட்டியைத் திறந்து ஒரு கிழங்கை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்து, "கண்ணு எவ்வளவு ஜோரா முழிச்சிருக்கு பாருங்க! என்னைவிட நல்லாப் பாத்திருக்கீங்க சகலை" என்றார். எல்லோர் முன்னாலும் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணி டீயோடு ஒரு தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். மெக்கானிக் டீயை மட்டும் குடித்தார்.

அந்தக் கோடையிலும் அவர் ஞாயிறு தவறாமல் போனார். நட்டார்கள். முளை வந்தது. மாஸ்டர் நுனி கிள்ளினார், கட்டினார், நத்தை பொறுக்கினார். ஒவ்வொரு இலையும் மெக்கானிக்கைக் காட்டிக்கொடுக்கத்தான் வளர்வது போலிருந்தது. செடி நோயில் விழாதா, ஆலங்கட்டி மழை பெய்யாதா என்றுகூட நினைத்தார். நினைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு நாள் மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "தண்டு கொஞ்சம் கருப்பா இருக்குமே, இது பச்சையா இருக்கே" என்றார். "போன வருஷமும் இப்பிடித்தான இருந்துச்சு" என்றார் மெக்கானிக். "அப்பவா? அப்போ புரைக்கண்ணு. எல்லாமே கருப்பாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்று மாஸ்டரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மெக்கானிக்குக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது, எல்லாவற்றையும் கண்மேல் போட்டுவிடலாம். தான் தேடிப்போகவில்லை, அவரே கையில் கொடுத்தார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதல் பூ ஒரு ஞாயிறு காலையில் முழுதாக விரிந்திருந்தது. நல்ல பூதான், பெரிய பூ. செங்கல்லை உடைத்த மாதிரி ஒரே ஆரஞ்சு. மாஸ்டர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மற்றதை மூடிப் பார்த்தார். பிறகு ஒரு இதழை விரலால் திருப்பினார்.

"சகலை, கொஞ்சம் இங்க வாங்க."

மெக்கானிக் போனார்.

"இதழுக்கு அடியில உங்களுக்கு என்ன கலர் தெரியுது?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. பெண்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். பின்னாளில் மெக்கானிக் நினைவில் மறுபடி மறுபடி போய் நின்றது இந்த இடத்தில்தான். கிழங்கு அழுகியதோ, நம்பர் எழுதியதோகூட இவ்வளவு உறுத்தவில்லை.

"ஊதா" என்றார். "அதே லேசான ஊதாதாண்ணே."

"அப்பிடியா." மாஸ்டர் இதழை விட்டுவிட்டார். "எனக்கு ஆரஞ்சு மட்டும்தான் தெரியுது." சிரித்தார். "புதுக்கண்ணு. பழகணும் போல."

பழகவில்லை. மாஸ்டர் தான் முன்பு வரைந்த சாயங்காலத்தின் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தார். படத்தில் ஊதா தெரிந்தது, பூவில் தெரியவில்லை. பெயின்ட் அழுத்தம், பூவில் இருப்பது லேசு, அந்த லேசான ஊதாவைத்தான் கண் தவறவிடுகிறது என்று முடிவுகட்டினார். கண் டாக்டரிடம் போனார். டாக்டர் புள்ளி புள்ளியாக நம்பர் ஒளித்த புத்தகத்தைக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "அந்தப் புத்தகத்துல என் ஊதா இல்லையே டாக்டர்" என்று திரும்பிவந்தார். சனிக்கிழமை காலையில் நூலக மாடியில் எட்டுப் பேருக்கு அவர் பெயின்டிங் சொல்லிக்கொடுத்து வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், ஒரு டெய்லர், பேங்க் அம்மா என்று எல்லாம் வயதானவர்கள். அந்த வகுப்பை நிறுத்திவிட்டார். "இல்லாத கலர இருக்குன்னோ, இருக்கற கலர இல்லன்னோ நான் சொல்லிட்டா? அவங்க என்ன நம்பி வராங்க" என்றாராம்.

இதையெல்லாம் அண்ணி தன் தங்கையிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நைட்டெல்லாம் தூங்கறதில்லடி. பிரஷ்ஷத் தொட்டு ஒரு மாசமாச்சு. சட்டை எடுத்துப் போடறதுக்குக்கூட என்னைக் கேக்கறாரு, இது நீலமா பச்சையான்னு. எனக்கு எல்லாப் பூவும் பூதான், நான் என்னத்தக் கண்டேன்? உன் வீட்டுக்காரருதான் பாத்துச் சொன்னாரு, ஊதா இருக்குன்னு."

தங்கை எழுந்து பின்புறம் போனாள். இதழைத் திருப்பினாள். போன வருஷம் சாயங்காலத்தின் பூ ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் டம்ளரில் வைத்துப் பத்து நாள் பார்த்தவள். வாயைத் திறந்தவள், கதவருகே நின்ற புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், இரண்டாவது ஸ்டாப் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"அதுல ஊதா இல்லங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நீங்க இருக்குன்னு சொன்னீங்களாமே. ஏன் சொன்னீங்க?"

பஸ்ஸை விட்டு இறங்கி, நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்து, அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிளாஸ்டிக், டேப், டப்பா, நர்சரி, பென்சில். அவள் அவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள். ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போட்டதைச் சொன்னபோது மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"என் போனுல இருந்த படத்தக் காட்டித்தான் வாங்குனீங்களா? நான் நிக்கற படம்?"

"ம்."

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொன்னார், ஆனால் போகவில்லை. ஒரு வாரம் ஓடியது, இன்னும் மூன்று நாள் ஓடியது. அவள் கேட்கவும் இல்லை. சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். 'உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு' என்று கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் அவருக்கு ரொம்பத் தைத்தது.

பத்தாம் நாள் ஒரு பழைய குடியிருப்பிலிருந்து அழைப்பு. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மாள், லிஃப்ட் ஏறும்போது உரசுகிற சத்தம் கேட்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜர் மெக்கானிக்கைத் தனியே கூப்பிட்டு, "அந்தம்மாவுக்கு வயசாச்சு சார். யாருக்கும் கேக்கல, அவங்களுக்கு மட்டும் கேக்குதாம். நீங்க சும்மா பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். மெக்கானிக் மேலே மெஷின் அறைக்குப் போய்ப் பார்த்தார். இழுக்கும் கயிறுகளில் ஒன்றில் இழைகள் பிரிந்து, சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தது. லிஃப்டை நிறுத்தி, கீழே வந்து பலகையை மாட்டினார். அந்த அம்மாள் படியருகே கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீங்க கேட்டது சரிதாம்மா. சத்தம் இருக்கு. கயிறு தேஞ்சிருக்கு."

அவள் மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். "இருக்கில்ல?" என்றாள். "இருக்கில்ல? நான் காது டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்தேன் தம்பி. என் மருமக தலையில எதாவது கோளாறா இருக்கும், அங்கயும் காட்டலாம்னா." சொல்லிக்கொண்டே அழுதாள்.

மெக்கானிக் அங்கிருந்து நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

மாஸ்டர் முன்னறையில் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கிழமை தப்பி வந்தவரைப் பார்த்து இருவரும் எழுந்தார்கள்.

"உக்காருங்க சகலை. என்ன, கிரீஸோட வந்துட்டீங்க?"

"உக்கார வரலண்ணே. அந்தப் பூவுல ஊதா கெடையாது. எப்பவுமே கெடையாது. அது உங்க சாயங்காலம் இல்ல. உங்க கிழங்க நான் பிளாஸ்டிக்ல சுத்தி அழுக வெச்சுட்டேன். இது நான் நர்சரில வாங்குனது. நம்பரு நான் எழுதுனது. உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நர்சரிக்காரர் கொடுத்த பையை மேஜைமேல் வைத்தார். பையில் பூவின் படம் அச்சடித்திருந்தது. ஆரஞ்சு, வெறும் ஆரஞ்சு. இத்தனை நாளும் அதை அவர் டூல் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தார்.

மாஸ்டர் பையை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று மெக்கானிக் தலையைக் குனிந்து காத்திருந்தார். மாஸ்டர் திட்டவில்லை. விறுவிறுவென்று பின்புறம் போனார். அங்கிருந்து அவர் குரல் கேட்டது.

"இது ஆரஞ்சு! ஏய், இங்க வா! இது ஆரஞ்சு. அந்தப் பக்கத்து வீட்டுத் துணி இளம்பச்சை. அது சாம்பல். அந்த வாளி நீலம். நான் சொன்னேன்ல, நீலம்னு!"

அண்ணி ஓடினாள். இரண்டு பேரும் சிரிப்பதும் பேசுவதும் கேட்டது. முன்னறையில் மெக்கானிக் தனியாக நின்றார். தான் சொன்னது பொய் என்று தெரிந்ததற்காக ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதை விட, நாலு அறை வாங்கியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். சந்தோஷம் வடிந்து, முகம் சாதாரணமாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் விஷயம் அவருக்குள் இறங்கியது.

"எப்போ அழுகுச்சு?"

"நீங்க கட்டு பிரிச்சேன்னு போன் பண்ணீங்களே, அன்னைக்குத்தான் பாத்தேன்."

"அன்னைக்கா." மாஸ்டர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "கிழங்கு போனா போகுது சகலை. என் கையாலயே எத்தனையோ அழுகியிருக்கு. மூடி வெச்சதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்க அப்பிடித்தான். ஆனா நான் உங்கள கூப்ட்டு நிறுத்திக் கேட்டேன். என்ன கலர் தெரியுதுன்னு கேட்டேன். வேற யாரையும் கேக்கல, உங்களத்தான் கேட்டேன். ஏன் தெரியுமா? பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு."

மெக்கானிக் "மன்னிச்சுருங்கண்ணே" என்றார். அந்தச் சொல் அந்த அறையில் போதாமல் நின்றது.

அண்ணிதான் பேசினாள். அவள் குரல் உயரவில்லை. "அவரு குருடாயிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தாரு தம்பி. நீங்க வாராவாரம் வந்து, நான் போட்ட டீயக் குடிச்சுட்டுப் போனீங்க. இப்போ கெளம்புங்க."

அவர் கிளம்பினார்.

அடுத்த சனிக்கிழமையே மாஸ்டர் நூலகத்து வகுப்பை மறுபடி தொடங்கினார். இதை மெக்கானிக் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தனியாக அக்கா வீட்டுக்குப் போனாள். அவரை வா என்று கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து ஒழுகாத குழாயை ஒருமுறை கழற்றி மாட்டுவார். மாலையில் அவள் வந்ததும், "எப்பிடி இருக்காங்க?" என்பார். "இருக்காங்க" என்பாள். கம்பெனியில் யாராவது 'அரிச்சந்திரன்' என்று சொல்வது காதில் விழுந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் திரும்பி, "அப்பிடிக் கூப்பிடாதீங்க" என்று சத்தம் போட்டுவிட்டார். கேலி பண்ணியதாக நினைத்துக்கொண்டார் என்று அவர்களே வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மாஸ்டர் அந்த ஆரஞ்சுச் செடிகளைப் பிடுங்கி எறியவில்லை. "அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாராம். கிழங்கு தருவதாகச் சொன்னவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சாயங்காலம் குளிரில் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். எப்படிப் போனது என்று சொல்லவில்லை. மறுவருஷம் பழைய விதைப் பொட்டலத்தில் மிஞ்சியதைப் போட்டார். முப்பது நாற்று வந்தது, மஞ்சள், சிவப்பு, ஒரு அழுக்கு வெள்ளை. எதிலும் ஊதா இல்லை. அதற்கடுத்த வருஷமும் போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, குளிர் இறங்கத் தொடங்கிய ஒரு நாள் காலையில் மாஸ்டரே போன் செய்தார். "சகலை, கிழங்கு தோண்டணும். இடுப்பு புடிச்சுக்கிச்சு. வர முடியுமா?" வேறெதுவும் சொல்லவில்லை. மெக்கானிக் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். முட்கரண்டி மாதிரியான கவைமுள்ளைச் செடியிலிருந்து ஒரு அடி தள்ளிக் குத்தி, சுற்றிலும் நெம்பி, மெதுவாகத் தூக்கினார். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து கழுவினார். நண்பகல் வரைக்கும் வேலையைப் பற்றித்தான் பேசினார்கள். இது போதுமா, அதைத் திருப்பி வைங்க, தண்டுல தண்ணி நிக்குது பாருங்க. நடுவில் ஒருமுறை மாஸ்டர் கழுவிய கிழங்கு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது என்ன கலர் சொல்லுங்க பாப்போம்" என்றார். விளையாட்டாகத்தான். மெக்கானிக்குக்குக் காது சுட்டது. "பழுப்புண்ணே" என்றார். "பழுப்பேதான்" என்று மாஸ்டர் பெட்டியில் வைத்தார்.

அண்ணி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து திண்டின்மேல் வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போனாள்.

அதற்கப்புறம் மெக்கானிக் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தார். வருஷத்தில் ஒருமுறை தோண்டுவதும் நடுவதும் அவர் வேலையாகிவிட்டது. சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழகிக்கொண்டார். முதலில் நாக்குப் புரளவில்லை. அண்ணியும் நாளடைவில் பேசினாள். சாப்பிடச் சொன்னாள், மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதியை அவரிடமும் சொன்னாள். ஆனால் மகளின் பிரசவத்துக்காக மாஸ்டரும் அண்ணியும் மூன்று மாதம் அவள் ஊருக்குப் போனபோது, கழுவிக் காயவைத்த கிழங்குப் பெட்டியும் வீட்டுச் சாவியும் பக்கத்து வீட்டுக்குப் போயின. மெக்கானிக்தான் அவர்களை வழியனுப்ப வந்து, பெட்டியைச் சுமந்துகொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் வைத்தார். "மூச்சு விடணும், இறுக்கி மூடிடாதீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அண்ணி சொன்னாள். சொல்லும்போது மெக்கானிக்கின் பக்கம் அவள் பார்க்கவில்லை. அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, பெட்டியைச் சுவரோரமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.